தெருவில் எடுத்த படம் திரைக்கு வந்த கதை

"சார், வீடியோ எடுப்பதற்கு எந்தக் காமிரா வாங்கலாம்?" என்று மாணவர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். இயற்பியல் ஆசிரியருக்குக் காமிராவைப் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் உடனே பதில் சொல்வதில்லை. "நீ எடுக்கப் போகும் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? எங்கே, எதில் பார்க்கப் போகிறார்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவரின் முகம் சற்று வாடிவிடும். ஒரு கம்பெனியின் பெயரையும் ஒரு விலையையும் எதிர்பார்த்து வந்தவருக்குப் பரீட்சை வைத்தால் வேறு எப்படி இருக்கும்?

நண்பர்களே, அது வீண் கேள்வி அல்ல. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாதாரண மனிதர்கள் தங்கள் தெருவையும், தங்கள் குறைகளையும், தங்கள் கலைகளையும் வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள். கருவி அவர்கள் கையில் இருந்தது. சொல்வதற்குச் செய்தியும் இருந்தது. ஆனால் அந்தப் படங்களைப் பெரிய தொலைக்காட்சி நிலையங்கள் ஏற்கவில்லை. "இது ஒளிபரப்பும் தரத்தில் இல்லை" என்று சொல்லிவிட்டன.

அந்தத் தரம் என்பது என்ன? ஒரு வினாடியைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்து, அதில் ஒரே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மைக்ரோ வினாடி என்று பெயர். கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு லட்சம் மைக்ரோ வினாடிக்கு மேல் ஓடிவிடும். அந்தச் சின்னஞ்சிறு காலந்தான் ஒரு தெருவின் குரலுக்குக் குறுக்கே நின்றது! அது எப்படி நின்றது, பிறகு எப்படி விலகியது என்று பார்ப்போம். பார்த்து முடித்தால், காமிராவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

தோளில் தொங்கிய பெட்டி

1960-களின் நடுப்பகுதி வரை வீடியோ எடுப்பது பெரிய நிலையங்களால் மட்டுமே முடிந்த காரியம். காமிராவைச் சக்கரம் வைத்த தாங்கியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். படத்தைப் பதிவு செய்யும் இயந்திரமோ ஒரு பீரோ அளவு இருக்கும். சினிமாப் பிலிம் காமிராவைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் பிலிமைக் கழுவிப் பார்க்கும் வரை படம் சரியாக விழுந்திருக்கிறதா என்பதே தெரியாது.

1967-ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி கம்பெனி ஒரு புதிய கருவியை வெளியிட்டது. 'போர்ட்டாபேக்' என்று அதற்குப் பெயர் நிலைத்தது. கையில் ஒரு சிறிய காமிரா. தோளில் ஒரு பதிவுப் பெட்டி. இரண்டையும் இணைக்க ஒரு கம்பி. அவ்வளவுதான். கறுப்பு-வெள்ளைப் படந்தான் கிடைத்தது. ஆனால் ஒரே ஆள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடக்கலாம். பின்னர் வந்த மாதிரிகளில், எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே போட்டுப் பார்க்கவும் முடிந்தது. பேசியவரே தாம் பேசியதை உடனே பார்த்து, "இதை விட்டுவிட்டேனே, இன்னொரு முறை சொல்கிறேன்" என்று சொல்ல முடிந்தது.

இவ்வளவு சிறிய பெட்டிக்குள் படத்தை அடக்கியது எப்படி? இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

மனிதக் காதுக்குக் கேட்கும் ஒலியின் அதிர்வெண் வினாடிக்கு ஏறக்குறைய 20,000-ஐத் தாண்டாது. தொலைக்காட்சிப் படத்தின் மின்குறிப்போ வினாடிக்கு 30 லட்சம் அதிர்வுகளையும் தாண்டிப் போகிறது. காந்த நாடாவில் ஓர் அதிர்வுக்கு 4 மைக்ரோ மீட்டர் நீளம் மட்டும் ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 30 லட்சம் அதிர்வுகளுக்கே நாடா வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அரை மணி நேரப் படத்திற்கு 21,600 மீட்டர் நாடா தேவை. அதாவது, ஏறக்குறைய 22 கிலோமீட்டர்! இதைத் தோளில் தூக்க முடியுமா?

பொறியாளர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். நாடாவை வேகமாக ஓட்டுவதற்குப் பதிலாக, பதிவு செய்யும் முனையையே வேகமாகச் சுழலவிட்டார்கள். ஓர் உருளை வினாடிக்கு 30 முறை சுழல்கிறது. அதன் விளிம்பில் இரண்டு பதிவு முனைகள் எதிரெதிராக இருக்கின்றன. நாடா உருளையைச் சற்றே சாய்வாகச் சுற்றிக்கொண்டு, வினாடிக்கு 19 சென்டிமீட்டர் என்ற மெதுவான வேகத்தில் நகர்கிறது. முனைகள் நாடாவின் மேல் சாய்ந்த கோடு கோடாகப் படத்தைப் பதிந்துகொண்டே போகின்றன. முனைக்கும் நாடாவுக்கும் இடையே உள்ள வேகம் வினாடிக்குச் சுமார் 11 மீட்டர். ஆனால் அரை மணி நேரத்திற்குச் செலவாகும் நாடா 340 மீட்டர்தான்! 22 கிலோமீட்டர் ஒரு சிறு சுருளுக்குள் அடங்கிவிட்டது.

இன்னொரு தொல்லையும் தீர்ந்தது. தொடக்கத்தில் ஒரு கம்பெனியின் பெட்டியில் பதிந்த நாடா இன்னொரு கம்பெனியின் பெட்டியில் ஓடாது. 1969-இல் ஜப்பானிய உற்பத்தியாளர்கள் கூடி, அரை அங்குல நாடாவுக்கு ஒரு பொதுவான தரத்தை ஏற்றுக்கொண்டார்கள். மேலே நான் தந்த வேகக் கணக்கு அந்தத் தரத்தைச் சேர்ந்ததே.

ஒரு மைக்ரோ வினாடி என்ன செய்யும்?

அந்தக் காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டியில் படம் முழுவதும் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. நீங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதைப்போல, ஓர் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டு போகும். அமெரிக்க முறையில் ஒரு படத்துக்கு 525 வரிகள். வினாடிக்கு 30 படங்கள். பெருக்கினால் வினாடிக்கு 15,750 வரிகள் வருகின்றன. ஒரு வரிக்குக் கிடைக்கும் காலம் 63.5 மைக்ரோ வினாடி. அடுத்த வரிக்குத் திரும்பும் நேரத்தைக் கழித்துவிட்டால், கண்ணுக்குத் தெரியும் பகுதிக்குச் சுமார் 52 மைக்ரோ வினாடி மிஞ்சும்.

திரையின் அகலம் 50 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 52 மைக்ரோ வினாடியில் 50 சென்டிமீட்டர் என்றால், 1 மைக்ரோ வினாடிக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். இதுதான் இந்தக் கட்டுரையின் சாவி. தொலைக்காட்சியில் காலம்தான் இடம்! ஒரு வரி 1 மைக்ரோ வினாடி தாமதமாகத் தொடங்கினால், அந்த வரி முழுவதும் 1 சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளிப்போய்விடும். நேரான கம்பம் வளைந்த கம்பமாகத் தெரியும்.

போர்ட்டாபேக் நாடாவில் இப்படிப்பட்ட தாமதங்கள் நிறைய இருந்தன. நாடா மெல்லியது, வெயிலில் சற்று நீளும், இழுத்தால் இன்னும் நீளும். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கும்போது உருளையின் வேகம் சற்றுத் தடுமாறும். பாட்டரி தளர்ந்தால் மோட்டாரும் தளரும். இவை யாவும் சேர்ந்து ஒவ்வொரு வரியையும் சிறிது முன்னும் பின்னுமாகத் தள்ளிவிட்டன.

வீட்டில் உள்ள தொலைக்காட்சிப் பெட்டி இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரும் மின்துடிப்பைப் பார்த்து அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் ஒளிபரப்பு நிலையத்தின் நிலைமை வேறு. அங்கே பல காமிராக்களிலிருந்தும் பல இயந்திரங்களிலிருந்தும் வரும் படங்களை மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். எல்லாம் சுதந்திர தின அணிவகுப்பைப்போல ஒரே தாளத்தில் கால் எடுத்து வைத்தாக வேண்டும். ஒருவர் மட்டும் தம் இஷ்டத்துக்கு நடந்தால் வரிசையே குலைந்துவிடும். வண்ணப் படமானால் நிலைமை இன்னும் கடுமை. அமெரிக்க முறையில் நிறத்தைச் சுமக்கும் அலையின் ஓர் அதிர்வுக்கு ஆகும் காலம் சுமார் 280 நானோ வினாடி. அதில் 5 பாகை பிசகுவது என்றால் வெறும் 4 நானோ வினாடிதான். ஒளியே அந்த நேரத்தில் 120 சென்டிமீட்டர்தான் போகும்.

ஆகவே நிலையத்தார் சொன்னது முழுப் பொய் அல்ல. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பெரிய இயந்திரம் வாங்கப் பணம் உள்ளவர் மட்டுமே பேசலாம். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்று ஆகிவிட்டது!

கம்பி திறந்த கதவு

வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் வானளாவிய கட்டடங்கள் நிறைய. தொலைக்காட்சி அலை நேராகவும் வரும். ஏதாவது கட்டடத்தில் பட்டுத் திரும்பியும் வரும். திரும்பி வரும் அலை 300 மீட்டர் அதிகமாகச் சுற்றி வருவதாகக் கொள்ளுங்கள். ஒளியின் வேகத்தில் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சரியாக 1 மைக்ரோ வினாடி! உடனே உங்களுக்குப் புரிந்திருக்கும். உண்மையான உருவத்துக்கு 1 சென்டிமீட்டர் வலப்பக்கத்தில் ஒரு மங்கலான இரட்டை உருவம் தெரியும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் மன்ஹாட்டன்வாசிகள் ஆண்டெனாவை விட்டுக் கேபிள் இணைப்புக்கு மாறத் தொடங்கினார்கள்.

கேபிளுக்கு இன்னொரு வசதி உண்டு. வானொலி அலைகளுக்கு இடம் குறைவு. ஒரு தொலைக்காட்சி அலைவரிசைக்கு 6 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். பக்கத்து ஊர் நிலையத்தோடு மோதவும் கூடாது. ஆகவே ஒரு நகரத்துக்குச் சில நிலையங்களே கிடைக்கும். கம்பிக்குள் போகும் அலை வெளியே யாரோடும் மோதுவதில்லை. அதனால் பல அலைவரிசைகளை அதில் அனுப்பலாம். இடம் தாராளமாக இருக்கிறதே, அதில் ஒன்றிரண்டைப் பொதுமக்களுக்கு விட்டால் என்ன?

1971-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மன்ஹாட்டன் கேபிளில் பொதுமக்களுக்கான அலைவரிசைகள் தொடங்கின. நிகழ்ச்சி தயாரித்துக்கொண்டு வருபவருக்கு வந்த வரிசையில் நேரம் தரப்பட்டது. அதே ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்டோனி, ரெட் பர்ன்ஸ் என்ற இருவரும் ஒரு மையத்தைத் தொடங்கினார்கள். ஸ்டோனி அதற்கு முன் கனடாவில், மக்கள் தங்கள் பிரச்சினைகளைத் தாங்களே படமாக்கும் திட்டம் ஒன்றை நடத்தியவர். கருவியைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தப் பழக்கவும் வேண்டும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்.

1972-இல் அமெரிக்காவின் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம், பெரிய நகரங்களின் கேபிள் கம்பெனிகள் பொதுமக்களுக்கு அலைவரிசை ஒதுக்க வேண்டும் என்று விதி செய்தது. 1979-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. கதவு மூடிக்கொண்டதா? இல்லை. 1984-இல் வந்த கேபிள் சட்டம், உள்ளூர் அரசுகள் ஒப்பந்தம் போடும்போது அப்படிப்பட்ட அலைவரிசைகளைக் கேட்டுப் பெறலாம் என்றது. ஊரின் தெருக்களைத் தோண்டித்தானே கம்பி போடுகிறார்கள்! அதற்கு ஈடாகக் கம்பெனியின் வருவாயில் 5 சதவீதம் வரை கட்டணமாக வாங்கவும் அது இடம் தந்தது.

தொட்டியும் குழாயும்

இதற்கிடையில் மைக்ரோ வினாடியையும் அடக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா? நகராட்சித் தண்ணீர் சில நேரம் வேகமாக வரும், சில நேரம் சொட்டுச் சொட்டாக வரும். ஆனால் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் சீராகவே வரும். 1970-களின் முற்பகுதியில் வந்த 'காலத் திருத்தி' என்ற மின்னணுக் கருவியும் இதைத்தான் செய்தது. நாடாவிலிருந்து தடுமாறித் தடுமாறி வரும் வரிகளை எண்களாக மாற்றி ஒரு நினைவகத்தில் நிரப்பும். மறுபக்கத்தில் ஒரு குவார்ட்ஸ் கடிகாரத்தின் துடிப்புக்கு ஏற்ப, வரிகளைச் சீராக வெளியே விடும்.

பலன் விரைவிலேயே தெரிந்தது. டி.வி.டி.வி. என்ற இளைஞர் குழு போர்ட்டாபேக் கொண்டு எடுத்த 'லார்ட் ஆஃப் தி யுனிவர்ஸ்' என்ற செய்திப்படம், 1974-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் ஒளிபரப்பாயிற்று. தோளில் தொங்கிய பெட்டி தேசத்தின் திரைக்கு வந்து சேர்ந்துவிட்டது!

பிஜ் கிராமத்துக் கோபுரம்

கேபிள் இல்லாத ஊரில் என்ன செய்வது? இதற்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை 'சைட்' என்ற புகழ்பெற்ற சோதனை நடந்தது. ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் சென்றன. அதே 1975-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள பிஜ் என்ற கிராமத்தில் 1 கிலோவாட் ஆற்றலுள்ள ஒரு சிறு ஒளிபரப்பி இயங்கத் தொடங்கியது. ஆமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் அதற்கு நிகழ்ச்சிகளைத் தயாரித்தது.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செயற்கைக்கோளின் வீச்சு பல மாநிலங்களை எட்டும். ஆகவே அதில் எல்லோருக்கும் பொதுவானதையே பேச முடியும். தரையில் நிற்கும் கோபுரத்தின் அலையோ ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். 100 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து அடிவானம் சுமார் 36 கிலோமீட்டர் தூரந்தான். இது குறை என்று தோன்றும். கேடாவில் அதுவே நிறையாயிற்று! ஒரு மாவட்டத்துக்கு மட்டும் பேசுவதால் அந்த மாவட்டத்தின் பேச்சு வழக்கிலேயே பேசலாம். கூலி, சாதி வேற்றுமை, குடிப்பழக்கம் என்று அங்குள்ள பிரச்சினைகளையே எடுத்துக்கொள்ளலாம். கையில் எடுத்துச் செல்லக்கூடிய வீடியோ கருவிகளோடு கிராமங்களுக்குப் போய், அங்குள்ளவர்களையே பேச வைத்தார்கள். 1984-இல் இத்திட்டத்துக்கு யுனெஸ்கோவின் கிராமியத் தகவல்தொடர்புப் பரிசு கிடைத்தது.

ஆமதாபாத்தில் முழு அளவிலான தூர்தர்ஷன் நிலையம் வந்தபின், 1985-இல் பிஜ் ஒளிபரப்பி நிறுத்தப்பட்டது. காமிராக்களில் கோளாறு எதுவும் இல்லை. படம் போய்ச் சேரும் கதவு மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

காமிராவைக் கடைசியில் வாங்குங்கள்

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் பெரிய நிலையங்களின் பழைய முறை ஒளிபரப்பு 2009-இல் முடிந்துவிட்டது. இன்றைய எண்முறைக் காமிராவில் வரிகள் தடுமாறுவதில்லை. ஆனால் பாடம் மாறவில்லை. கதவிலிருந்து தொடங்கிக் காமிராவை நோக்கிப் பின்னோக்கி நடந்து வாருங்கள்.

முதலில் கதவு. படம் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போகிறதா, பள்ளி மண்டபத் திரைக்கா, கைபேசிக்கா? நிலையமானால், எத்தனை வரிகள், வினாடிக்கு எத்தனை படங்கள், எந்த வகைக் கோப்பு என்று அவர்கள் எழுதி வைத்திருப்பார்கள். அதை வாங்கிப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். கைபேசியில் பார்ப்பதற்கு மிகப் பெரிய படம் எடுத்துப் பயனில்லை. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட படத்தை, புள்ளிக்கு 24 பிட் என்ற கணக்கில், வினாடிக்கு 30 முறை அப்படியே பதிந்தால் வினாடிக்கு 149 கோடி பிட் ஆகும். காமிரா அதைச் சுருக்கி, உதாரணமாக, வினாடிக்கு 2 கோடி பிட்டாகப் பதிகிறது. அப்போதும் ஒரு மணி நேரத்துக்கு 9 ஜிகாபைட் வேண்டும். நினைவக அட்டை அதற்குப் போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது ஒலி. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் உரையை வீடியோ எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. காமிராவை மண்டபத்தின் கடைசியில் வைத்து, அதிலுள்ள மைக்கையே நம்பிவிட்டேன். படம் பளிச்சென்று இருந்தது. பேச்சு? மின்விசிறிகளின் இரைச்சல்தான் கேட்டது. அந்த உரையை மறுபடி கேட்க வழியே இல்லாமல் போய்விட்டது. தவறு காமிராவுடையது அல்ல, என்னுடையது. எதிர் இருமடி விதியைப் பாடம் நடத்துகிறவன் நான்! பேசுபவரின் வாயிலிருந்து மைக் 10 மீட்டர் தூரத்தில் இருந்தது. 20 சென்டிமீட்டரில் இருந்திருக்க வேண்டும். தூரம் 50 மடங்கு. நேராக வரும் ஒலியின் செறிவு 50 × 50, அதாவது 2,500-இல் ஒரு பங்காகிவிட்டது. விசிறியின் இரைச்சலோ குறையவே இல்லை. ஆகவே கையில் உள்ள பணத்தில் முதல் பங்கை, சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு மைக்குக்கு ஒதுக்குங்கள். படம் சற்று மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

மூன்றாவது ஒளி. நண்பகல் வெயிலின் ஒளிர்வு சுமார் 1,00,000 லக்ஸ். இரவில் விளக்கு எரியும் அறையில் 100 முதல் 200 லக்ஸ். நம் கண் சாமர்த்தியமாகச் சமாளித்துவிடுவதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. காமிராவுக்குத் தெரியும். ஒளி என்பது ஃபோட்டான்களின் மழை. ஒரு புள்ளியில் 10,000 ஃபோட்டான் விழுந்தால், அதில் இயற்கையான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100 அளவுக்கு இருக்கும். இது 1 சதவீதம். 100 ஃபோட்டான் மட்டுமே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. இது 10 சதவீதம். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோலத் தெரிவது இதனால்தான். உணரியின் பரப்பு மாறாமல் புள்ளிகளை மட்டும் இரட்டித்தால், ஒவ்வொன்றின் பங்குக்கும் ஃபோட்டான் குறையுமே தவிர கூடாது. அதிகப் புள்ளிகளுக்குக் கொடுக்கும் பணத்தைவிட, பேசுபவரைச் சன்னலோரம் உட்கார வைப்பது மேல். அதற்குச் செலவும் இல்லை.

விளக்கு வெளிச்சத்தில் இன்னொரு எச்சரிக்கை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில வகை விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். காமிராவின் திறப்பு நேரத்தை 1/50 அல்லது 1/100 வினாடியாக வைத்தால், ஒவ்வொரு படத்துக்கும் முழுத் துடிப்புகளின் ஒளி கிடைக்கும். வேறு நேரம் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடலாம். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே 1/60 வினாடி பொருந்தும். ஆகவே இந்த நேரத்தை நாமே மாற்றிக்கொள்ள வசதி உள்ள கருவியாகப் பாருங்கள்.

நான்காவது, ஆடாத ஒரு முக்காலி. இவை நான்கும் முடிந்த பிறகு மிஞ்சும் பணத்துக்குக் காமிரா வாங்குங்கள். பெரும்பாலும் வீட்டிலுள்ள கைபேசியே போதும் என்று கண்டுபிடிப்பீர்கள்!

கதவைத் தட்டும் முறை

அமெரிக்காவில் பொதுமக்கள் அலைவரிசை நடத்தும் மையங்கள் பல இன்றும் இருக்கின்றன. அந்த ஊரில் வசிப்பவர் முதலில் ஒரு சிறு பயிற்சியில் சேருவார். பயிற்சி முடித்தவருக்குக் காமிராவும் மைக்கும் இரவல் கிடைக்கும். படத்தொகுப்பு அறையையும் பயன்படுத்தலாம். நிகழ்ச்சிக்குத் தாமே பொறுப்பு என்றும், பிறர் பாட்டையோ படத்தையோ அனுமதியின்றிச் சேர்க்கவில்லை என்றும் கையெழுத்திட வேண்டியிருக்கும். அதாவது, விலை கொடுத்துக் கருவி வாங்கும் முன், கதவுக்கு உள்ளேயே கருவி இருக்கிறதா என்று விசாரிப்பது புத்திசாலித்தனம். அம்மையங்களுக்கும் இன்று நெருக்கடி உண்டு. மக்கள் கேபிளை விட்டு இணையத்துக்குப் போகப்போக, கேபிள் வருவாயிலிருந்து வரும் கட்டணம் குறைகிறது. சில ஊர்களில், கதவைத் திறந்து வைக்க மக்களே மறுபடி வாதாட வேண்டியிருக்கிறது.

உங்கள் ஊரில் அத்தகைய நிலையம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பள்ளி விழாத் திரையோ, அறிவியல் கண்காட்சியோ, இணையமோ, ஏதாவதொரு கதவு இருக்கும். அதற்கும் விதிகள் இருக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. மின்விசிறி ஓடும் அறையில் நண்பரை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். கைபேசியை அவர் வாய்க்கு 20 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து ஒருமுறை பதியுங்கள். 4 மீட்டர் தள்ளி வைத்து இன்னொரு முறை பதியுங்கள். இரண்டையும் வேறொருவருக்குப் போட்டுக்காட்டி, கேட்ட சொற்களை எழுதச் சொல்லுங்கள். எத்தனை சொற்கள் விடுபட்டன என்று எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு, "சார், எந்தக் காமிரா வாங்கலாம்?" என்று கேட்க வாருங்கள். அப்போது என் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கும்.